கொள்வாரற்ற வெற்றி

சுழலிகளின் சரித்திரம்: அத்தியாயம் 9

ஓடுதளம் வேண்டாமல் நின்ற இடத்திலிருந்தே எழும்பவும், எழும்பிய இடத்திலேயே அசையாது நிற்கவும், பின்னோக்கியும் பக்கவாட்டிலும் நகரவும் வல்ல ஹெலிகாப்டர், இரண்டாம் உலக யுத்தம் முடிவதற்குள்ளாகவே பரீட்சைக் கூடத்தை விட்டு வெளியேறி, காயம்பட்ட சிப்பாய்களைச் சுமந்து செல்லும் ஊழியத்தில் அமர்ந்துவிட்ட வரலாற்றைச் சென்ற அத்தியாயத்தில் கண்டோம். இவ்வளவு வித்தை தெரிந்த அந்த யந்திரத்துக்கு விரைந்து செல்லும் வித்தை மட்டும் கைவரவில்லை. எஞ்சினின் சக்தி போதாமை அதற்கு ஒரு காரணம். ஆனால் எஞ்சினை எவ்வளவு பெரிதாக்கினாலும் தீராத இன்னொரு காரணம், அதன் தலைக்கு மேல் சுழலும் விசிறியிலேயே, அதாவது நாம் சுழலி என்று வழங்கிவரும் அந்த உறுப்பிலேயே, குடிகொண்டிருந்தது. அக்காரணத்தை அறிந்துகொண்டால்தான் இந்த அத்தியாயத்தின் நாயகமான ரோட்டோடைன் என்னும் ஊர்தியின் உயர்வும் வீழ்ச்சியும் விளங்கும்.

சுழலியில் உள்ள ஒவ்வோர் அலகும் உண்மையில் ஒரு குறுகிய, நீண்ட இறக்கையே. அதன் நுனி மணிக்கு 720 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றி வருவதாக வைத்துக்கொள்வோம். ஊர்தி நின்ற நிலையில் மிதக்கும்போது, அலகு எந்தத் திசையில் இருந்தாலும் அதன் நுனி சந்திக்கும் காற்றின் வேகம் ஒன்றுதான். அதே ஊர்தி மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் முன்னேறும்போதோ, முன்னோக்கி வரும் அலகின் நுனி 1020 கிலோமீட்டர் வேகக் காற்றையும், பின்னோக்கிப் போகும் அலகின் நுனி வெறும் 420 கிலோமீட்டர் வேகக் காற்றையும் எதிர்கொள்கின்றன. தூக்குவிசை காற்று வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து மாறுவதாகையால், அலகுகளின் கோணத்தை மாற்றாமல் விட்டால் நுனியில் ஒரு பக்கத்துக்கும் மறு பக்கத்துக்கும் ஏறத்தாழ ஆறு மடங்கு வித்தியாசம் தோன்றி, ஊர்தி ஒரு புறமாகக் கவிழ்ந்துவிடும்.

அலகுகளைக் கீல்களில் பொருத்தி, அவை சுற்றும்போதே மேலும் கீழும் அசைய இடம் கொடுத்து, இந்த ஏற்றத்தாழ்வை முதன்முதலாக வென்றவர் ஸ்பெயின் தேசத்து ஹுவான் டி லா சியர்வா. எதிர்வரும் காற்றே சுழலியைச் சுழற்றும் அவருடைய ஆட்டோஜைரோ 1923-ஆம் ஆண்டு ஜனவரியில் பறந்த கதையை இத்தொடரின் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஆனால் கீல் தரும் நிவாரணத்துக்கும் ஓர் எல்லை உண்டு. பின்னோக்கிப் போகும் அலகு தன் பங்குச் சுமையைத் தாங்குவதற்காக மேன்மேலும் செங்குத்தாகச் சாய்க்கப்பட, ஒரு கட்டத்தில் காற்றோட்டம் அதன் முதுகைப் பற்றி ஓட மறுத்துப் பிரிந்துவிடுகிறது. தூக்குவிசை சட்டென்று அற்றுப்போகிறது. முன்னோக்கி வரும் அலகின் நுனியோ ஒலியின் வேகத்தை நெருங்கி, அதிர்வலைகளால் அலைக்கழிக்கப்படுகிறது. இவ்விரு இடர்களுக்கும் நடுவே அகப்பட்ட சுத்தமான ஹெலிகாப்டர் எவ்வளவு தூரம் முன்னேற முடிந்தது என்பதற்கு, 1986-ஆம் ஆண்டு ஆகஸ்டில் பிரிட்டனின் வெஸ்ட்லாண்ட் லிங்க்ஸ் ஒன்று மணிக்கு 400.87 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்படுத்திய சாதனையே சான்று.

எல்லை சுழலியில் இருக்கிறது என்றால், வேகமாகப் போகும் சமயத்தில் சுழலியின் வேலைப் பளுவைக் குறைத்துவிட்டால் என்ன? பாரத்தில் ஒரு பங்கை நிலையான இறக்கைகள் தாங்கட்டும். முன்னே இழுக்கும் வேலையைப் புரொபெல்லரோ ஜெட் எஞ்சினோ ஏற்கட்டும். சுழலி ஏறவும் இறங்கவும் மட்டும் முழு மூச்சாக உழைத்துவிட்டு, பயணத்தின்போது இளைப்பாறட்டும். கூட்டு ஹெலிகாப்டர் என்னும் இனத்தின் மூல மந்திரம் இவ்வளவே. சொல்வதற்கு எளிதான இந்த யோசனையைச் செய்துகாட்டப் பலர் அரும்பாடு பட்டனர். அவர்களுள் ஒரு வகையில் முழு வெற்றியும் மற்றொரு வகையில் முழுத் தோல்வியும் ஒருங்கே அடைந்தவர்கள், இங்கிலாந்தின் ஃபேரி விமான ஸ்தாபனத்தார்.

ஜைரோடைன்

சியர்வா 1936-ஆம் ஆண்டு டிசம்பரில், லண்டனை அடுத்த கிராய்டன் நிலையத்திலிருந்து கிளம்பிய ஒரு பிரயாணி விமானம் விபத்துக்குள்ளானபோது உயிர் நீத்தார். ஆட்டோஜைரோவின் பிதா சாதாரண விமான விபத்தில் மாண்டது விதியின் குரூரம் என்று அக்காலத்தில் பலர் எண்ணினர். அவர் விட்டுச் சென்ற ஆராய்ச்சியைத் தொடர்ந்து நடத்தியவர் டாக்டர் ஜே. ஏ. ஜே. பென்னட் என்னும் அறிஞர். எஞ்சினால் சுழற்றப்படும் சுழலியும் பக்கவாட்டில் ஒரு புரொபெல்லரும் கொண்ட புது மாதிரி ஊர்தி ஒன்றை யுத்தத்துக்கு முன்பே மனத்தில் வரைந்து வைத்திருந்த பென்னட், யுத்தம் ஓய்ந்ததும் ஃபேரி ஸ்தாபனத்தில் சேர்ந்து அதற்கு உருவம் கொடுத்தார்.

அப்படிப் பிறந்ததுதான் ஃபேரி ஜைரோடைன். அதன் அமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. சுழலியை எஞ்சின் ஒரு திசையில் சுழற்றும்போது உடல் எதிர்த் திசையில் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்கவே சாதாரண ஹெலிகாப்டர்களுக்கு வாலில் ஒரு சிறு விசிறி வைத்து, எஞ்சினின் சக்தியில் ஒரு பகுதியை அதற்காக விரயமாக்குகிறார்கள். பென்னட்டோ அந்த விசிறியை வாலிலிருந்து எடுத்து, வலப்புறக் குட்டை இறக்கையின் நுனியில் முன்னோக்கி வைத்தார். உடல் திரும்பாமல் தடுப்பதும் அதுவே, ஊர்தியை முன்னே இழுப்பதும் அதுவே என்றாகிவிட்டது. 1947-ஆம் ஆண்டு டிசம்பரில் முதன்முதலாகப் பறந்த இந்த ஊர்தி, 1948-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் தேதி, பேசில் ஆர்க்கெல் என்னும் விமானியின் கையில், வைட் வால்தம் என்னும் புல்தரை நிலையத்தின் மேல் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தை எட்டி உலக சாதனை புரிந்தது.

அந்தச் சந்தோஷம் ஓராண்டுகூட நீடிக்கவில்லை. நூறு கிலோமீட்டர் வட்டப் பாதைக்கான சாதனையையும் கைப்பற்ற வேண்டும் என்ற முயற்சிக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த காலத்தில், 1949-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் தேதி, ரெடிங் நகருக்கு அருகே அந்த ஊர்தி விழுந்து நொறுங்கி, விமானி டிக்ஸனும் உடன் சென்ற காராவேயும் உயிரிழந்தனர். விசாரணையில் தெரியவந்த காரணம், சுழலியின் தலைப்பகுதியில் அலகைக் கீலோடு பிணைத்திருந்த ஓர் உலோக இணைப்பு, ஓயாத அசைவினால் தளர்ந்து முறிந்ததே. உலோகமும் களைத்துப்போகும் என்ற உண்மையை விமானத் தொழில் உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்ற பாடங்களில் இதுவும் ஒன்று. எஞ்சியிருந்த இரண்டாவது ஜைரோடைன் தரையிலேயே நிறுத்தி வைக்கப்பட்டது.

வியன்னாவிலிருந்து கிளம்பிய யோசனை

இந்த இடத்தில் கதை சற்றுப் பின்னோக்கி, யுத்த கால ஆஸ்திரியாவுக்குப் போக வேண்டியிருக்கிறது. வியன்னாவை ஒட்டி இயங்கிய ஒரு விமானத் தொழிற்சாலையில் ஃபிரீட்ரிக் ஃபான் டோபல்ஹோஃப் என்னும் பொறியியலாளர், ஆகஸ்ட் ஸ்டெபான், தியோடோர் லாவ்ஃபர் என்ற இரு சகாக்களோடு சேர்ந்து, 1943-ஆம் ஆண்டில் ஒரு விசித்திரமான ஹெலிகாப்டரைப் பறக்கவிட்டார். அதன் எஞ்சின் சுழலியை நேராகச் சுழற்றவில்லை. காற்றை அமுக்கி, எரிபொருளோடு கலந்து, உள்ளே குடைவாக இருந்த அலகுகளின் வழியே நுனிவரை அனுப்பியது. அங்கே அந்தக் கலவை எரிந்து பின்னோக்கிப் பீறிட, அலகுகள் தம்மைத் தாமே தள்ளிக்கொண்டு சுழன்றன. சுழலியை உடலில் ஊன்றி நின்று திருகுவார் எவரும் இல்லாததால் உடல் எதிர்த் திசையில் திரும்பும் தொல்லையும் இல்லை. வால் விசிறியும் கனமான பற்சக்கரப் பெட்டியும் வேண்டியதில்லை.

ஆனால் நுனி ஜெட்டுகள் எரிபொருளை வாரிக் குடித்தன. ஆகவே ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும் அவற்றை மூட்டுவது, மேலே சென்றபின் அணைத்துவிட்டு, அதே எஞ்சினால் ஒரு புரொபெல்லரை ஓட்டி, சுழலியை எதிர்வரும் காற்றே சுழற்றும்படி விட்டுவிடுவது என்ற உபாயத்தை டோபல்ஹோஃப் கண்டார். ஹெலிகாப்டராகப் புறப்பட்டு, ஆட்டோஜைரோவாகப் பறந்து, மறுபடி ஹெலிகாப்டராக இறங்கும் ஊர்தி என்ற கருத்து அங்கே கருக்கொண்டது. யுத்தத்தின் இறுதியில் அந்த யந்திரம் அமெரிக்கப் படையினரின் கையில் சிக்கியது. அதைப் படைத்த மூவரும் மூன்று தேசங்களுக்குப் பிரிந்தனர். டோபல்ஹோஃப் அமெரிக்காவின் மக்டொனல் ஸ்தாபனத்துக்கும், லாவ்ஃபர் பிரான்ஸுக்கும், ஸ்டெபான் இங்கிலாந்தின் ஃபேரிக்கும் போய்ச் சேர்ந்தார்கள். ஒரே அடுப்பில் மூண்ட நெருப்பு மூன்று நாடுகளில் பற்றிக்கொண்டது.

அமெரிக்காவில் அதன் பலன், ஒரு சுழலியும் பின்புறம் ஒரு புரொபெல்லரும் இறக்கைகளும் கொண்ட எக்ஸ்.வி.-1 என்னும் சோதனை ஊர்தி. அது 1955-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் தேதி ஹெலிகாப்டர் நிலையிலிருந்து விமான நிலைக்கு வெற்றியுடன் மாறியது. 1956-ஆம் ஆண்டு அக்டோபரில் மணிக்கு 200 மைல், அதாவது ஏறத்தாழ 322 கிலோமீட்டர் வேகத்தைச் சுழலி ஊர்திகளுள் முதன்முதலாகக் கடந்தது. ஆயினும் இவ்வளவு சிக்கலுக்குத் தக்க ஆதாயம் அதில் இல்லை என்று முடிவு கட்டிய அமெரிக்க ராணுவத்தார், மறு வருஷமே அந்தத் திட்டத்தைக் கைவிட்டனர். அப்போது எவரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. பின்னோக்கிப் பார்க்கும் நமக்கோ, அது வரப்போவதற்கு முன்னறிகுறியாகத் தோன்றுகிறது.

இங்கிலாந்தில் ஃபேரி பொறியியலாளர்கள், தரையில் நிறுத்தியிருந்த இரண்டாவது ஜைரோடைனை வெளியே இழுத்து, அதன் மூன்றலகுச் சுழலியை எடுத்துவிட்டு, நுனியில் ஜெட் வைத்த ஈரலகுச் சுழலியைப் பொருத்தினார்கள். குட்டை இறக்கைகளின் நுனிகளில் பின்னோக்கிய புரொபெல்லர் இரண்டு. காற்றை அமுக்குவதற்கு, யுத்த காலத்தில் புகழ்பெற்ற மெர்லின் எஞ்சினின் அமுக்கிகள் இரண்டையே கொண்டுவந்து மாட்டினார்கள். ஜெட் ஜைரோடைன் என்று பெயரிடப்பட்ட இந்த ஒட்டுப்போட்ட ஊர்தி 1955-ஆம் ஆண்டு மார்ச்சில் நிலை மாற்றத்தை முதன்முறையாகச் செய்துகாட்டியது. 1956-ஆம் ஆண்டு செப்டம்பருக்குள் 190 தடவை அதைத் திரும்பச் செய்தது. உத்தியைப் பற்றிய சந்தேகம் தீர்ந்தது. இனிப் பெரிதாகக் கட்டலாம் என்ற தைரியம் பிறந்தது.

நகரின் நடுவிலிருந்து நகரின் நடுவுக்கு

அந்தக் காலத்தின் பிரயாண நிலைமையையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும். லண்டனிலிருந்து பாரிஸுக்கு விமானம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பொழுதில் பறந்துவிடும். ஆனால் வீட்டிலிருந்து விமான நிலையத்துக்குப் போவதிலும், அங்கே காத்திருப்பதிலும், இறங்கிய ஊரின் எல்லையிலிருந்து நகருக்குள் வந்து சேர்வதிலும் அதைப்போல் இரு மடங்கு நேரம் கரைந்துவிடும். ஆகவே பிரிட்டிஷ் ஐரோப்பிய விமானக் கம்பெனியான பி.இ.ஏ., நகரின் நடுவில் ஒரு சிறு மேடையிலிருந்து எழும்பி மற்றொரு நகரின் நடுவில் இறங்கும் பெரிய ஆகாய பஸ் ஒன்று வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டிலேயே விவரம் வெளியிட்டது. இந்த நோக்கத்தை முன்னிட்டு, 1953-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சர்க்காரின் சப்ளை மந்திரி இலாகா, ஒரேயொரு மாதிரி ஊர்தியைக் கட்டித் தரும்படி ஃபேரிக்கு ஒப்பந்தம் அளித்தது. டாக்டர் ஜி. எஸ். ஹிஸ்லாப் அந்தப் பெரும்பணியின் பொறியியல் தலைமையை வகித்தார்.

ரோட்டோடைன் என்று பெயர் சூட்டப்பட்ட அந்த ஊர்தி, பார்த்தவர் எவரும் மறக்கக்கூடாத உருவம் உடையது. பெட்டி வடிவான நீண்ட உடல். மேலே 90 அடி, அதாவது 27 மீட்டருக்கு மேற்பட்ட விட்டமுள்ள நான்கலகுச் சுழலி. உடலின் இரு புறமும் சேர்ந்து 14 மீட்டர் அகலமுள்ள குட்டை இறக்கைகள். அவற்றின் கீழே தொங்கும் நேப்பியர் ஈலண்ட் டர்போபிராப் எஞ்சின்கள் இரண்டு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 3000 குதிரைச் சக்தி கொண்டது. நாற்பது பிரயாணிகள் உட்கார இடம் உண்டு. மோட்டார் வண்டிகள் ஏறும்படி உடலின் பின்புறத்தில் சிப்பிபோல் திறக்கும் கதவுகளும் உண்டு. ஒவ்வோர் எஞ்சினும் எதிரெதிரான ஓர் இணை அலகுகளுக்குக் காற்று அனுப்பும்படி குழாய்களை அமைத்திருந்தார்கள். ஓர் எஞ்சின் நின்றுபோனாலும், எஞ்சிய இணை சமநிலை தவறாமல் சுழலும் என்ற முன்யோசனை அதில் அடங்கியிருந்தது.

1957-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் தேதி வைட் வால்தத்தில் அது முதன்முறையாக எழும்பியது. ஸ்தாபனத்தை உருவாக்கிய சர் ரிச்சர்ட் ஃபேரி அதைக் காண உயிரோடில்லை. முந்திய வருஷம் செப்டம்பரில் காலமாகிவிட்டார். ரான் கெல்லட்லி, ஜான் மார்ட்டன் என்ற இரு விமானிகள் அதைச் செலுத்தினார்கள். முதல் சில மாதங்கள் அதை ஹெலிகாப்டராக மட்டுமே ஓட்டிப் பழகிவிட்டு, 1958-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் தேதிதான் முழு நிலை மாற்றத்துக்குத் துணிந்தார்கள்.

அந்த மாற்றம் நிகழும் விதத்தைச் சற்று அருகில் நின்று பார்ப்போம். தரையில் எஞ்சின்கள் புரொபெல்லர்களைச் சுழற்றிக்கொண்டிருக்கும். விமானி அமுக்கிகளை இணைத்ததும், காற்று இறக்கைகளின் வழியாகச் சுழலித் தலைக்கு ஏறி, அலகுகளின் குடைவில் ஓடி நுனிகளை அடையும். அங்கே எரிபொருள் பற்றவைக்கப்பட்டதும், நான்கு நுனிகளிலும் நெருப்பு சீறி, நிலையத்து வேலிக்கு அப்பாலும் கேட்கும் கர்ஜனையுடன் ஊர்தி செங்குத்தாக எழும்பும். உயரத்தை அடைந்தபின் புரொபெல்லர்களுக்குச் சக்தி சிறிது சிறிதாகக் கூட்டப்பட்டு, வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரை நெருங்கி மேற்செல்கையில், இறக்கைகள் சுமையைத் தாங்கத் தொடங்கும். அப்போது நுனி ஜெட்டுகளை அணைத்துவிடுவார்கள். கர்ஜனை அடங்கிவிடும், எஞ்சின்களின் முழுச் சக்தியும் புரொபெல்லர்களுக்கே திரும்பும், சுழலியோ எவர் தயவும் இன்றி எதிர்காற்றால் சுழன்றுகொண்டே, பாரத்தில் ஏறத்தாழப் பாதியை மட்டும் சுமந்து வரும். இறங்கும் இடம் நெருங்கியதும் ஜெட்டுகளை மறுபடி மூட்டி, ஹெலிகாப்டராகி, மேடையில் அமர வேண்டும். மூட்ட மறுத்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கும் விடை இருந்தது: ஆட்டோஜைரோவாகவே சிறிது தூரம் ஓடி இறங்கிவிடலாம்.

1959-ஆம் ஆண்டு ஜனவரி 5-ஆம் தேதி, நூறு கிலோமீட்டர் வட்டப் பாதையில் மணிக்கு 307 கிலோமீட்டர் வேகத்தை எட்டி, அதற்கு முந்திய ஹெலிகாப்டர் சாதனையை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வித்தியாசத்தில் ரோட்டோடைன் தகர்த்தெறிந்தது. பத்து வருஷங்களுக்கு முன் டிக்ஸனும் காராவேயும் எதற்காகப் புறப்பட்டு உயிர் துறந்தார்களோ, அதே வகைச் சாதனை அதே ஸ்தாபனத்தின் கைக்கு வந்தது. அவ்வாண்டு ஜூனில் பாரிஸ் விமானக் கண்காட்சிக்குப் புறப்பட்ட அது, லண்டன் விமான நிலையத்திலிருந்து பிரஸ்ஸல்ஸ் நகரின் ஹெலிகாப்டர் தளத்தை 58 நிமிஷத்தில் அடைந்தது. முப்பது மீட்டர் நீளமுள்ள எஃகுப் பாலச் சட்டம் ஒன்றை அடியில் தொங்கவிட்டுக்கொண்டு பறந்தும் காட்டியது. பரீட்சைகள் முடிவதற்குள் ஏறத்தாழ 350 முறை பறந்து, 230 தடவை நிலை மாறி, ஒரு விபத்தும் இன்றி அது இறங்கியது. புதுமையான யந்திரம் ஒன்றுக்கு இதைவிட நல்ல நடத்தைச் சான்றிதழ் கிடைப்பது அரிது.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தல்

அப்படியானால் அது ஏன் நம் வானத்தில் இல்லை? வழக்கமாகச் சொல்லப்படும் விடை, அதன் இரைச்சல் என்பது. அது பொய்யல்ல. நகரின் நடுவில் இறங்குவதற்காகவே பிறந்த ஊர்திக்கு, இறங்கும் நேரத்தில்தான் நான்கு ஜெட்டுகளும் முழங்க வேண்டியிருந்தது என்பது பெரிய முரண்தான். ஆயினும் அந்த முழக்கம் ஏறும்போதும் இறங்கும்போதும் சில நிமிஷங்களே நீடிப்பது. அதை அடக்குவதற்காகப் பலவகை அலகு நுனிகளையும் ஒலியடக்கிகளையும் செய்து சோதித்து, ஃபேரியார் கணிசமான முன்னேற்றமும் கண்டிருந்தனர். இரைச்சல் ஒரு காரணமே தவிர, அதுவே மரணத்தின் காரணம் அன்று என்பது என் அபிப்பிராயம். மூல காரணம் தரையில், காரியாலயங்களின் மேஜைகளில் இருந்தது.

நாற்பது பேரைச் சுமக்கும் மாதிரி ஊர்தி லாபகரமாக ஓடப் போதாது என்று விமானக் கம்பெனிகள் கருதின. ஆகவே ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனியின் டைன் எஞ்சின்களும் 57 முதல் 75 பேர் வரை உட்காரும் இடமும் கொண்ட பெரிய ரோட்டோடைன் ஒன்று வரைபடத்தில் உருவாயிற்று. எஞ்சின் மாறினால் அமுக்கியும் மாற வேண்டும். சுழலி பெரிதானால் இரைச்சல் ஆராய்ச்சியையும் புதிதாகத் தொடங்க வேண்டும். அத்தனைக்கும் பணம் வேண்டும். அந்தப் பணம் எங்கிருந்து வரும்?

பி.இ.ஏ. ஆறு ஊர்திகளை வாங்க விருப்பம் தெரிவித்தது. ஆனால் இரைச்சல், செலவு ஆகிய விஷயங்களில் உறுதி கிடைத்த பிறகுதான் என்றது. ராணுவத்துக்காகப் பன்னிரண்டு வாங்கலாம் என்று சர்க்கார் யோசித்தது. விமானக் கம்பெனி முன்வந்தால் தானும் உதவுவதாகச் சொல்லிற்று. அட்லாண்டிக்குக்கு அப்பால் நியூயார்க் ஏர்வேஸ் என்னும் ஹெலிகாப்டர் கம்பெனி, ஐந்து வேண்டும், பின்னர் மேலும் பதினைந்து எடுத்துக்கொள்ளக்கூடும் என்று கடிதம் கொடுத்தது. அதுவும் நிபந்தனையோடு கூடிய கடிதமே. பி.இ.ஏ. சர்க்காரைப் பார்த்தது, சர்க்கார் பி.இ.ஏ.யைப் பார்த்தது, அமெரிக்கர்கள் இருவரையும் பார்த்தார்கள். கல்யாணப் பந்தியில் முதல் கவளம் எடுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல, எல்லோரும் அடுத்தவருக்காகக் காத்திருந்ததில் இலை ஆறிப்போயிற்று.

இதற்கிடையில் பிரிட்டிஷ் விமானத் தொழில் முழுவதையும் சில பெரிய ஸ்தாபனங்களாக இணைத்துவிட வேண்டும் என்ற சர்க்காரின் கொள்கை செயலுக்கு வந்தது. 1960-ஆம் ஆண்டு ஃபேரியின் விமானத் தொழில் வெஸ்ட்லாண்ட் ஸ்தாபனத்தோடு சேர்க்கப்பட்டது. ஹெலிகாப்டர் கட்டுவதில் தேர்ந்த வெஸ்ட்லாண்டுக்கு ஏற்கெனவே விற்பனையாகிவந்த சொந்தச் சரக்கு இருந்தது. பிறர் பெற்ற பிள்ளையாக வந்த ரோட்டோடைனைச் சீராட்டி வளர்க்க வேண்டிய அவசியம் அதற்கு அவ்வளவாக இல்லை. நேப்பியர் ஸ்தாபனத்தின் விமான எஞ்சின் தொழிலும் அடுத்த வருஷம் ரோல்ஸ் ராய்ஸிடம் போய்ச் சேர்ந்து, ஈலண்ட் எஞ்சினுக்கும் எதிர்காலம் இல்லாமற்போயிற்று. ராணுவத் தேவை கைவிடப்பட்டது, பி.இ.ஏ. தனியாக வாங்கப்போவதில்லை என்பதும் தெளிவாயிற்று. 1962-ஆம் ஆண்டு பிப்ரவரி 26-ஆம் தேதி, பீட்டர் தார்னிகிராஃப்ட் விமானத்துறை மந்திரியாக இருந்த காலத்தில், திட்டம் ரத்து செய்யப்பட்டது. உலகில் இருந்த ஒரே ரோட்டோடைனைத் துண்டு துண்டாகப் பிரித்துவிட்டார்கள். அவற்றுள் தப்பிய சில பாகங்கள், வெஸ்டன்-சூப்பர்-மேர் என்னும் கடற்கரை ஊரின் ஹெலிகாப்டர் அருங்காட்சியகத்தில் இன்றும் வைக்கப்பட்டிருக்கின்றன.

ரோட்டோடைனின் வேக சாதனையை, திட்டம் ரத்தாவதற்கு முன்பே, சோவியத் தேசத்தின் கமோவ் கா-22 முறியடித்திருந்தது. இறக்கைகளின் இரு நுனிகளிலும் ஒவ்வொரு சுழலியும் ஒவ்வொரு புரொபெல்லரும் கொண்ட அந்த மாபெரும் ஊர்தி, 1961-ஆம் ஆண்டு அக்டோபரில் மணிக்கு 356 கிலோமீட்டர் வேகத்தை எட்டி, அடுத்த மாதமே 16 டன்னுக்கு மேற்பட்ட சுமையை 2500 மீட்டர் உயரத்துக்குத் தூக்கியது. ஆனால் 1962-லும் 1964-லும் நேர்ந்த இரு கோர விபத்துக்களோடு அதன் வாழ்வும் முடிந்தது. பிரிட்டனில் யந்திரம் நல்லதாக இருந்தும் வாங்குபவர் துணியவில்லை. ரஷ்யாவில் சர்க்கார் துணிந்தும் யந்திரம் கைகொடுக்கவில்லை.

கூட்டு ஹெலிகாப்டரின் நிரந்தரமான இக்கட்டு இங்கேதான் வெளிப்படுகிறது. இறக்கை, புரொபெல்லர், சுழலி ஆகிய மூன்றையும் அது எப்போதும் கூடவே சுமக்க வேண்டும். ஒன்று உழைக்கும்போது மற்றது வெறும் பாரம். ஹெலிகாப்டர் வேண்டுபவர் அதைப் பார்த்து விலை அதிகம் என்கிறார். விமானம் வேண்டுபவர் வேகம் குறைவு என்கிறார். இரண்டும் ஒருங்கே வேண்டும் என்று சொல்லி, அதற்கான கூடுதல் விலையையும் கொடுக்க முன்வருபவர் ஒருவர் அமைந்தாலொழிய, சாதனைப் பத்திரங்கள் அந்த ஊர்தியைக் காப்பாற்றுவதில்லை. 2010-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகோர்ஸ்கி எக்ஸ்-2 மணிக்கு 463 கிலோமீட்டரையும், 2013-ஆம் ஆண்டு ஐரோப்பாவின் யூரோகாப்டர் எக்ஸ்-3 அதற்கும் மேலாக 472 கிலோமீட்டரையும் எட்டின. அவ்விரண்டும் இன்றளவும் பொருட்காட்சிப் பெருமையாகவே நிற்கின்றன. 2024-ஆம் ஆண்டு ஏப்ரலில் பிரான்ஸில் பறக்கத் தொடங்கிய ஏர்பஸ் ரேசர் என்னும் ஊர்தியில் புரொபெல்லர்கள் இரண்டும் இறக்கை நுனிகளில் பின்னோக்கி அமைந்திருப்பதைக் காண்பவர்கள், மெர்லின் அமுக்கிகளை மாட்டிக்கொண்டு திரிந்த அந்தப் பழைய ஜெட் ஜைரோடைனை நினைத்துக்கொள்ளலாம். எழுபது வருஷங்களில் எஞ்சின்கள் மாறின, உலோகத்தின் இடத்தில் கார்பன் நார் வந்தது. யார் வாங்குவார் என்ற கேள்வி மட்டும் மாறவில்லை.

ஆனால் வாங்குபவர் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்றும் கேட்கத் தோன்றும். 1966-ஆம் ஆண்டு அமெரிக்கத் தரைப்படை, கைநிறையப் பணத்தோடு லாக்ஹீட் ஸ்தாபனத்தின் வாசலில் போய் நின்று, பத்து மாதிரி ஊர்திகளுக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தது. ஷயான் என்று பெயர் கொண்ட அந்தப் போர் ஊர்திக்கு வாங்குபவரும் இருந்தார், வேகமும் இருந்தது, வியத்நாமில் அவசரத் தேவையும் இருந்தது. இருந்தும் ஏழு வருஷங்களுக்குள் அதுவும் ரத்தாயிற்று. அதற்கான காரணங்கள் வேறு வகையானவை. அவற்றை அடுத்த இதழில் விசாரிப்போம்.

(தொடரும்)